ஈஸ்ட் உயிர்ப்பு விகிதம்: சாயத்தில் 92%, தட்டில் 54%. எந்த எண்ணை எழுதுவது?

நொதிமாணவி

வணக்கம். இளநிலை இறுதியாண்டு ஆய்வு. உலர் ஈஸ்டை வெவ்வேறு வெப்பநிலை நீரில் ஊறவைத்தால் எத்தனை செல்கள் உயிரோடு மீள்கின்றன என்று அளக்க வேண்டும். இப்போதைக்கு 38 டிகிரி செல்சியஸில் மட்டும் முறையைச் சரிபார்க்கிறேன்.

1 கிராம் ஈஸ்ட், 100 மி.லி. நீர், 38 டிகிரி, 20 நிமிடம். அதில் 1 மி.லி. எடுத்து 9 மி.லி. உப்புநீரில் (0.9%) கலந்தேன். அந்தக் கலவையும் மெத்திலீன் புளூவும் சம அளவு. இந்தச் சாயத்தில் இறந்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறமற்று நிற்கும். 5 நிமிடம் கழித்து ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணுவதற்கான கட்டமிட்ட கண்ணாடி ஸ்லைடு), நடுச் சதுரத்தின் 25 கட்டங்களில் 5 கட்டம் எண்ணினேன்: மொத்தம் 104 செல், நிறமற்றவை 96. அதாவது 92%.

தட்டு எண்ணிக்கைக்கு அதே ஊறலைப் பத்துப் பத்து மடங்காக ஐந்து முறை நீர்த்து, ஒய்.பி.டி. அகரில் (ஈஸ்ட் வளரும் ஊட்டக்கூழ்) 0.1 மி.லி. பரப்பினேன். 30 டிகிரி, 48 மணி நேரம். மூன்று தட்டுகளில் 58, 61, 49 காலனிகள் (ஒரு செல் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியானது ஒரு காலனி). கணக்கிட்டால் 1 மி.லி.யில் 5.6 கோடி. நுண்ணோக்கிக் கணக்குப்படி மொத்தச் செல்கள் 10.4 கோடி. ஆகவே 54%.

எது சரி?

கட்டமெண்ணி

கணக்கில் பிழை இல்லை. 104 × 5 × 10,000 × 20. நடுச் சதுரத்தின் கொள்ளளவு 1 மி.மீ. × 1 மி.மீ. × 0.1 மி.மீ., அதாவது ஒரு மி.லி.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நீர்ப்பு 10, சாயத்தோடு சேர்ந்ததால் இன்னொரு 2. இந்த 2-ஐத்தான் பலர் விட்டுவிடுவார்கள். நீங்கள் விடவில்லை.

காரணம் தேடும் முன், இந்த வித்தியாசம் தற்செயலாக வந்திருக்கலாமா என்று பாருங்கள். 104 செல்லில் 92% என்றால் திட்டப்பிழை √(0.92 × 0.08 ÷ 104), அதாவது சுமார் 2.6%. 95% நம்பக எல்லை 87 முதல் 97 வரை. தட்டு விகிதத்தில் இரண்டு பிழைகள் சேரும். காலனிகள் மொத்தம் 168, அதன் பிழை √168, ஏறத்தாழ 7.7%. கீழே வகுக்கும் 104-க்கும் பிழை உண்டு, அது 9.8%. இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 12.5%. ஆக 54% என்பது உண்மையில் 41 முதல் 67 வரை எங்கும் இருக்கலாம்.

எல்லைகள் இவ்வளவு அகலமாக இருந்தும் 67-க்கும் 87-க்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. எனவே வித்தியாசம் நிஜம். ஆனால் இந்த அளவு எண்ணிக்கையை வைத்து 38 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிடிக்க முடியாது. அடுத்த முறை 25 கட்டங்களையும் எண்ணுங்கள். 500 செல் வந்தால் சாய விகிதத்தின் எல்லை இருபுறமும் இரண்டரை விழுக்காட்டுக்குள் வரும்.

அகர்த்தட்டு

என்னைக் கேட்டால் தட்டுதான். ஒரு செல் உயிரோடு இருக்கிறது என்பதற்குக் காலனியைவிட வலுவான சாட்சி கிடையாது. மெத்திலீன் புளூ சொல்வது வேறு: சவ்வு சாயத்தைத் தடுக்கிறதா, உள்ளே நுழைந்த சாயத்தை நொதிகள் ஒடுக்கி நிறமற்றதாக்குகின்றனவா, அவ்வளவே. இனிப் பிரியவே முடியாத செல்லிலும் அந்த நொதிகள் கொஞ்ச நேரம் வேலை செய்யும். அது நிறமில்லாமல் நிற்கும், நாம் உயிர் என்று எண்ணிவிடுவோம். உயிர்ப்பு 90-க்குக் கீழே இறங்க இறங்க இந்தச் சாயம் கூடுதலாகக் காட்டும் என்பது வெகுநாளாகத் தெரிந்த குறை.

நீலச்செல்

தட்டு குறைத்துக் காட்டும் என்பதும் அதே அளவு வெகுநாளாகத் தெரிந்ததுதான். இரண்டு செல் ஒட்டியபடி விழுந்தால் ஒரே காலனி. பரப்பும் கம்பி சூடாக இருந்தால் சாவு. உயிரோடு இருந்தும் பிரியாமல் கிடக்கும் செல்லைத் தட்டு காட்டவே காட்டாது. எந்த எண்ணை நம்புவது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். எங்கே எத்தனை விழுக்காடு தொலைகிறது என்று ஒவ்வொரு படியாகத் தேடலாம்.

நொதிமாணவி, சில கேள்விகள்:

உங்கள் சாயம் எது? பாக்டீரியாவுக்கு நிறமேற்ற வைத்திருக்கும் லோஃப்லர் மெத்திலீன் புளூ என்றால் அதைத் தொடவே வேண்டாம். அதில் சாயம் ஈஸ்டுக்குத் தேவையானதைப் போல இருபது மடங்குக்கும் மேல். சாராயமும் காரமும் வேறு கலந்திருக்கும். நல்ல செல்லையும் அது நீலமாக்கிவிடும்.

உப்புநீர் எந்த வெப்பநிலையில் இருந்தது?

9 மி.லி. குழாய்களை நிரப்பிய பிறகு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்தீர்களா, முன்பா?

எண்ணும்போது மொட்டுகளை (தாய்செல்லில் இருந்து முளைத்து இன்னும் பிரியாத புதிய செல்களை) எப்படி எடுத்துக்கொண்டீர்கள்?

நொதிமாணவி

சாயம் நானே கரைத்தது: 0.01 கிராம் மெத்திலீன் புளூ 10 மி.லி. நீரில், அதனோடு 2 கிராம் சோடியம் சிட்ரேட், வடிகட்டி 100 மி.லி.க்கு நிரப்பினேன். உப்புநீர் குளிர்ப்பெட்டியில் இருந்து நேராக எடுத்தது, 4 டிகிரி. குழாய்களை நிரப்பிய பிறகுதான் ஆட்டோகிளேவ். தாய்செல்லின் பாதிக்கு மேல் பெரிதாக இருந்த மொட்டைத் தனிச் செல்லாகவும், சிறியதைத் தாயோடு சேர்த்தும் எண்ணினேன்.

நீலச்செல்

சாயம் சரி. மொட்டு விதியும் சரி. மற்ற இரண்டு பதில்களில்தான் கோளாறு.

குளிர்ந்த உப்புநீரை முதலில் பார்ப்போம். உலர்ந்த ஈஸ்டின் செல்சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் இறுகி, கூழ் நிலையில் இருக்கும். நீர் ஏறும்போது அவை மீண்டும் இளகி ஒழுங்குக்கு வர வேண்டும். 35 முதல் 40 டிகிரி நீரைச் சொல்வதே இதற்காக. சூட்டில் சவ்வு சீக்கிரம் இளகி மூடிக்கொள்ளும். குளிர்ந்த நீரில் ஊறினால் மூடும் முன்பே செல்லின் உள்ளே இருப்பது வெளியே கசிந்துவிடும். நீங்கள் 38-இல் பக்குவமாக ஊறவைத்தீர்கள், பிறகு ஒரே நொடியில் 4 டிகிரிக்குள் தள்ளினீர்கள். ஊறிய ஈஸ்டை அடுத்த திரவத்தில் சேர்க்கும்போது வித்தியாசம் 10 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது உலர் ஈஸ்டைப் புழங்குவோரின் பொதுவான கட்டுப்பாடு. உங்களுக்கு 34 டிகிரி வித்தியாசம்.

சாய எண்ணிக்கைக்கும் அதே குளிர்ந்த உப்புநீரைத்தானே பயன்படுத்தினீர்கள், அதில் ஏன் சாவு தெரியவில்லை என்று கேட்கலாம். குளிர் அதிர்ச்சி வாங்கிய செல் அந்த ஐந்து நிமிடத்தில் சாயத்தை ஒடுக்கிக்கொண்டே இருக்கலாம். காலனி ஆகிறதா என்பது 48 மணி நேரக் கேள்வி. அகர்த்தட்டு சொன்னது இங்கே பொருந்துகிறது.

கட்டமெண்ணி

ஆட்டோகிளேவ் விஷயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் அது எதிர்த்திசையில் இழுக்கும் பிழை. நிரப்பிய பிறகு ஆட்டோகிளேவ் செய்தால் கொஞ்சம் நீர் ஆவியாகும். 9 மி.லி. என்று நினைப்பது 8.7 ஆகியிருந்தால் ஒவ்வொரு படியும் 10 மடங்கு அல்ல, 9.7 மடங்கு நீர்ப்பு. ஐந்து படியில் அது பெருகி, காலனி எண்ணிக்கை 16% கூடுதலாக வரும். உப்புநீரை மொத்தமாக ஆட்டோகிளேவ் செய்து, ஆறிய பிறகு தூய்மையான பைப்பெட்டால் 9 மி.லி. பிரித்து ஊற்றுங்கள்.

பைப்பெட்டும் அப்படித்தான். 1 மி.லி.க்குப் பதில் 0.98 விடும் பைப்பெட் ஐந்து படியில் சுமார் 9% குறைத்துவிடும். தராசில் காய்ச்சி வடித்த நீரைப் பத்து முறை விட்டு எடை பாருங்கள். கால் மணி நேர வேலை.

ஒவ்வொரு படிக்கும் புதிய முனை போடுங்கள். பழைய முனையின் உட்சுவரில் ஒட்டிய அடர்த்தியான துளி அடுத்த குழாயில் கரையும்.

மொட்டுவடு

ஒட்டிய செல்களைப் பற்றி ஒன்று. மொட்டு விதியே இந்த விகிதத்துக்குள் ஓர் இடைவெளியைக் கட்டி வைத்திருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பெரிய மொட்டோடு நிற்கும் தாயை ஹீமோசைட்டோமீட்டரில் 2 என்று எண்ணுகிறீர்கள். தட்டில் அது 1 காலனிதான். அத்தனை செல்லும் உயிரோடு இருந்தாலும் தட்டு விகிதம் 100%-ஐத் தொடாது.

இதற்கு வழி எளிது. ஒரே கட்டத்தை இரண்டு விதமாக எண்ணுங்கள்: செல்கள் எத்தனை, துண்டுகள் எத்தனை. தனிச் செல்லும் ஒரு துண்டு, ஒட்டிய இரட்டையும் ஒரு துண்டு. காலனியை ஒப்பிட வேண்டியது துண்டு எண்ணிக்கையோடு.

இரட்டைகளுக்குப் பதில் பெரிய திரள்களாகத் தெரிந்தால் அது வேறு சங்கதி. சுவரிலுள்ள புரதங்கள் கால்சியத்தின் துணையோடு பக்கத்துச் செல்லின் சுவரிலுள்ள மானோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துக்கொள்வதால் வரும் திரட்சி அது. நீர்க்கும் திரவத்தில் கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ. சேர்த்தால் கால்சியம் அகன்று திரள் பிரியும். ஆனால் பிரியாத தாய்-மொட்டு இணைப்பை ஈ.டி.டி.ஏ. ஒன்றும் செய்யாது, அங்கே செல்சுவரே ஒட்டியிருக்கிறது.

அகர்த்தட்டு

துண்டு எண்ணும் யோசனையை ஏற்கிறேன். தட்டுப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை இன்னும் சில.

அகர் ஊற்றி ஒரு நாளாவது உலர்ந்திருக்க வேண்டும். ஈரமான தட்டில் காலனிகள் வழிந்து கலக்கும். மிகவும் காய்ந்த தட்டில், துளி உறிஞ்சிய பிறகும் கம்பியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் செல் சாகும், கம்பியிலும் ஒட்டும். துளி மறையும் தறுவாயில் நிறுத்துங்கள். சுடரில் காட்டிய கம்பியைத் துளி இல்லாத ஓரத்து அகரில் தொட்டு ஆற்றிவிட்டுத்தான் பரப்ப வேண்டும்.

48 மணிக்கு எண்ணிவிட்டுத் தூக்கி எறியாதீர்கள். 72 மணிக்கும் எண்ணுங்கள். காயப்பட்ட செல்கள் தாமதமாக எழும். மூன்றாம் நாளில் புதிதாக முளைக்கும் சின்னக் காலனிகள் அதிகம் என்றால், மாதிரியில் அடிபட்ட செல் நிறைய என்று பொருள். அதுவும் ஒரு தரவுதான்.

ஒளிர்செல்

இத்தனை பாட்டுக்குப் புரொப்பிடியம் அயோடைடு என்ற சாயம் போடலாமே? சவ்வு உடைந்த செல்லில் மட்டும் நுழைந்து டி.என்.ஏ.யோடு ஒட்டிச் சிவப்பாக ஒளிரும். வெளிர் நீலமா நீலமா என்ற தொல்லை இல்லை. பாய்வு சைட்டோமீட்டர் (செல்களை ஒவ்வொன்றாக ஒளிக்கற்றை வழியே ஓடவிட்டு எண்ணும் கருவி) இருந்தால் பத்தாயிரம் செல்லைச் சில நிமிடத்தில் எண்ணிவிடலாம். சந்தேகத்துக்குரிய மரபணு நச்சு என்பதால் கையுறை கட்டாயம்.

நீலச்செல்

நல்ல சாயம்தான், ஆனால் இந்த ஆய்வுக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே அளப்பதே சவ்வு மூடிக்கொள்ளும் நிகழ்வை. அழுத்தத்துக்கு ஆளான ஈஸ்டின் சவ்வு கொஞ்ச நேரம் திறந்திருந்து பிறகு சரியாகும். அந்த நேரத்தில் சாயம் போட்டால் பிழைக்கப்போகும் செல்லும் சிவக்கும். ஊறல் முடிந்ததும் ஒரு மாதிரி, ஒய்.பி.டி. திரவத்தில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் மீளவிட்டு இன்னொரு மாதிரி, இரண்டுக்கும் சாயம் போட்டால்தான் பொருள் இருக்கும். இரண்டின் வேறுபாடுதான் மீண்டவை.

வெளிர் நீலத் தொல்லைக்கு வேறு தீர்வு இருக்கிறது. கவுன்ட்டரில் மூன்று நிரல் வையுங்கள்: நிறமற்றவை, வெளிர் நீலம், அடர் நீலம். வெளிர் நீலம் 5%-ஐத் தாண்டினால் முறையில் ஏதோ சரியில்லை: சாயத்தில் அதிக நேரம் விட்டிருக்கலாம், இல்லை செல்கள் பாதி அடிபட்டிருக்கலாம். சாயமே மெல்ல நஞ்சாக வேலை செய்யும், அதனால் கலந்த 5-ஆவது நிமிடத்தில் தொடங்கி 10-ஆவது நிமிடத்துக்குள் முடியுங்கள். 25 கட்டம் எண்ண நேரம் போதாவிட்டால் நடுவில் புதிதாக ஒரு முறை சாயம் கலந்து ஏற்றுங்கள்.

செல் அடர்த்தியும் முக்கியம். சாயம் கலக்கும் மாதிரி 1 மி.லி.க்கு ஒரு கோடிக்கு மேல் போகாமல் இருக்கட்டும். செல்கள் அளவுக்கு மீறினால் ஒரு செல்லுக்குக் கிடைக்கும் சாயம் குறைந்து, இறந்ததும் வெளிறித் தெரியும்.

கட்டமெண்ணி

ஏற்றியவுடன் எண்ணாதீர்கள். 5 மைக்ரான் செல் நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1 மைக்ரான் வேகத்தில் இறங்கும். அறையின் ஆழம் 100 மைக்ரான். ஆக எல்லாம் ஒரே தளத்துக்கு வர இரண்டு நிமிடம் பிடிக்கும். அதற்கு முன் எண்ணினால் குவியத்துக்கு வெளியே மிதப்பவை தப்பிவிடும்.

கவர் ஸ்லிப் ஹீமோசைட்டோமீட்டருக்கென்றே வரும் தடித்ததாக இருக்க வேண்டும். சாதாரண மெல்லிய ஸ்லிப் வளைந்து ஆழத்தை மாற்றும். விளிம்பில் வானவில் வளையங்கள் தெரிந்தால் சரியாக அமர்ந்திருக்கிறது. மேல், இடது கோடுகளைத் தொடுபவை உள்ளே. கீழ், வலது கோடுகளைத் தொடுபவை வெளியே.

மொட்டுவடு

கட்டுப்பாட்டு மாதிரியும் வேண்டும். ஊறலில் பாதியை 65 டிகிரி நீர்த்தொட்டியில் 20 நிமிடம் வைத்துக் கொன்று ஆறவிடுங்கள். உயிருள்ளதோடு 100:0, 50:50, 0:100 என்று கலந்து சாயம் போடுங்கள். நேர்கோடு வந்தால் உங்கள் கண்ணும் சாயமும் ஒழுங்காக இருக்கின்றன. வெப்பத்தில் செத்த செல்லின் சவ்வு முழுக்கச் சிதைந்திருக்கும், எந்தச் சாயமும் எளிதாகக் கண்டுபிடிக்கும். ஆகவே இது குறைந்தபட்சச் சோதனை மட்டுமே; லேசாக அடிபட்ட செல்லைப் பற்றி இது எதுவும் சொல்லாது.

நொதிமாணவி

முதலில் உப்புநீரை மட்டும் மாற்றினேன், 30 டிகிரியில். ஆட்டோகிளேவுக்குப் பிறகு 9 மி.லி. ஊற்றினேன். 25 கட்டமும் எண்ணினேன், சாயத்தை நடுவில் ஒரு முறை புதுப்பித்து.

செல்கள் 512, நிறமற்றவை 468, அதாவது 91.4%. துண்டுகள் 446: தனிச் செல் 380, இரட்டை 66. ஆறு தட்டுகள்: 78, 84, 73, 81, 76, 82. சராசரி 79, அதாவது 7.9 கோடி. மொத்தச் செல்கள் 10.24 கோடி. விகிதம் 77%.

வெப்பத்தில் கொன்ற கலவைகளில் 91, 47, 0 விழுக்காடு. 72 மணிக்குப் புதிய காலனி ஆறு தட்டிலும் சேர்த்து 4 மட்டுமே.

கட்டமெண்ணி

இப்போது துண்டைப் போட்டு வகுங்கள். 446 துண்டு என்றால் 1 மி.லி.க்கு 8.92 கோடி. 7.9 ÷ 8.92 = 88.6%. இதன் நம்பக எல்லை இருபுறமும் 11 புள்ளிக்கு மேல். சாயத்தின் 91.4 அதற்குள் வசதியாக அமர்கிறது. 38 டிகிரியில் இரண்டு முறையும் முரண்படவில்லை.

அகர்த்தட்டு

38-இல் ஒத்துப்போனது சரி. ஆனால் இதை வைத்து மற்ற வெப்பநிலைகளில் சாயம் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிடாதீர்கள். உயிர்ப்பு உயரத்தில் இருக்கும்போது எல்லா முறையும் ஒத்துப்போகும். 15 டிகிரியில் ஊறவைத்த மாதிரியில்தான் சாயம் தடுமாறும். எல்லா வெப்பநிலையிலும் இரண்டையும் செய்யுங்கள், இரண்டு எண்ணையும் தனித்தனிப் பெயரில் அட்டவணையில் போடுங்கள்: "சாயம் ஏற்காத செல் விகிதம்", "காலனியாகும் துண்டு விகிதம்". வெறுமனே "உயிர்ப்பு" என்று தலைப்பிட்டு ஒன்றை மறைக்க வேண்டாம்.

நொதிமாணவி

அப்படியே செய்கிறேன். திட்டம்: 15, 25, 38, 45 டிகிரி. ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்லைடு, மூன்று தட்டு. 10 மடங்கு நீர்ப்பு ஐந்து முறை. மாதிரி எண்ணிக்கை மூன்று என்று எழுதலாமா?

கட்டமெண்ணி

எழுதக்கூடாது. ஒரே குடுவையில் இருந்து எடுத்த மூன்று ஸ்லைடு உங்கள் எண்ணும் திறனைத்தான் மூன்று முறை அளக்கிறது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனியாக எடைபோட்டு, தனித்தனியாக ஊறவைத்த மூன்று குடுவை இருந்தால்தான் எண்ணிக்கை மூன்று. முடிந்தால் வெவ்வேறு நாளில், வெப்பநிலை வரிசையைக் குலுக்கிப் போட்டு. எப்போதும் 15-ஐ முதலிலும் 45-ஐ கடைசியிலும் செய்தால், பிரித்த பொட்டலம் அதற்குள் ஈரம் இழுத்ததும் உங்கள் முடிவில் வந்து சேரும். குடுவைகளுக்கு வேறொருவர் எண் எழுதட்டும். எது எந்த வெப்பநிலை என்று தெரியாமல் எண்ணுங்கள். வெளிர் நீலச் செல்லை எந்தப் பக்கம் சேர்ப்பது என்ற முடிவில் எதிர்பார்ப்பு கை வைக்கும்.

நீலச்செல்

45 டிகிரியில் ஊறும் 20 நிமிடமும் குடுவைக்குள் வெப்பமானி இருக்கட்டும், தொட்டியின் அளவியை நம்ப வேண்டாம். ஈஸ்டைக் கொட்டியதும் நீர் சற்றுக் குளிரும்.

உப்புநீர் எல்லா மாதிரிக்கும் 30 டிகிரிதான் என்று வைத்தால் 15 டிகிரி ஊறலும் 45 டிகிரி ஊறலும் தலா 15 டிகிரி மாற்றம் வாங்கும். அதனால் முதல் நீர்ப்புக் குழாயை மட்டும் ஊறிய வெப்பநிலையிலேயே வைத்து, அங்கிருந்து 30-க்குப் பத்து நிமிடத்தில் மெல்லக் கொண்டுவாருங்கள்.

மொட்டுவடு

15 டிகிரி மாதிரியில் கசிவையும் அளக்கலாம். ஊறல் முடிந்ததும் கொஞ்சத்தை மையவிலக்கில் சுற்றி, மேல்நீரை 260 நானோமீட்டரில் பாருங்கள். வெளியேறிய நியூக்ளியோடைடுகள் அங்கே தெரியும். சாயமும் தட்டும் முரண்படும் இடத்தில் இந்த மூன்றாவது அளவு உதவும்.

அகர்த்தட்டு

ஒரு திருத்தம். எல்லா மாதிரிக்கும் ஐந்து நீர்ப்பு போதாது. 38-இல் தட்டுக்கு 79 காலனி வந்தது. 15-இல் உயிர்ப்பு கால்பங்காக இறங்கினால் அதே நீர்ப்பில் 20 காலனிதான் வரும், 30-க்குக் கீழே போனதைக் கணக்கில் எடுக்க முடியாது. நான்காவது நீர்ப்பையும் பரப்பி வையுங்கள், அதில் 200 கிடைக்கும். குடுவைக்கு இரண்டு நீர்ப்பு, நீர்ப்புக்கு மூன்று தட்டு, நான்கு வெப்பநிலை, மூன்று குடுவை: மொத்தம் 72 தட்டு. நாளுக்கு 24 என்று பிரித்து, அகரை முந்தைய நாளே ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.